பக்கமும் பாடமும்: மேசைப் பதிப்பு வரலாற்றில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவார்முன் இரண்டு பொருள்கள் நிற்கின்றன. ஒன்று பாடம், மற்றொன்று அப்பாடம் அமரும் பக்கம். இன்ன சொல் இன்ன எழுத்துகளால் ஆயது என்பது பாடத்தைச் சார்ந்தது. அச்சொல் தாளின் எவ்விடத்தில், எவ்வளவில், எவ்வடிவில் தோன்றும் என்பது பக்கத்தைச் சார்ந்தது. ஏட்டுச் சுவடியினின்று நூல்கள் அச்சேறிய காலத்தே இவ்விரண்டன் வேறுபாட்டை நம் பதிப்பாசிரியர்கள் நன்குணர்ந்திருந்தனர். சுவடிகளிலே பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இல்லை; எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் பிரித்தறியப்படுவதில்லை; ரகரத்திற்கும் காலுக்கும் வரிவடிவம் ஒன்றே. கண்ட வடிவம் ஒன்றாகவும் கொள்ளத்தக்க எழுத்து இரண்டாகவும் இருந்தமையின், இவ்விடத்து எழுத்து இதுவே என ஆராய்ந்து துணிதல் பதிப்பாசிரியர் கடனாயிற்று.

கடந்த அரை நூற்றாண்டில் நூலாக்கம் ஈய எழுத்தை விடுத்துக் கணிப்பொறியைச் சார்ந்துவிட்டது. இம்முறையினை மேசைப் பதிப்பு என்று வழங்குவர்; நம் அச்சகத்தார் டி.டி.பி. என்பர். இதன் வளர்ச்சியைக் கருவிகளின் வரலாறாகக் கூறுதல் பெருவழக்கு. பாடத்தைப் பேணுவோர் நிலையினின்று அதனை நோக்குதலே ஈண்டு எம் கருத்தாகும். இவ்வரலாற்றில் பாடத்தைக் காக்கும் நெறியும் பக்கத்தைக் காக்கும் நெறியும் என இரு நெறிகள் உள என்பதையும், தமிழ் நூலாக்கத்தில் பெருவழக்குற்றது பின்னையதே என்பதையும், அதனால் நம் பாடங்களுக்கு நேர்ந்த இடர் யாது என்பதையும் முறையே காண்போம்.

2. ஈய எழுத்தும் ஒளி எழுத்தும்

செருமனி நாட்டு மைன்ஸ் நகரில் 1455 ஆம் ஆண்டளவில் கூட்டன்பெர்க் விவிலியத்தை அச்சிட்டு முடித்த நாள் தொட்டு, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் எழுத்து என்பது கையால் எடுத்துக் கோக்கத்தக்க பருப்பொருளாகவே இருந்தது. அச்சுக் கோப்பவர் ஒருவர் ஓர் எழுத்தை எடுத்து வைத்தபோது பாடத்தையும் பக்கத்தையும் ஒருங்கே ஆக்கினார். 1886 இல் நியூயார்க் டிரிபியூன் இதழ் அலுவலகத்தில் இயங்கத் தொடங்கிய மெர்கந்தாலரின் லைனோடைப் பொறி விரைவை மிகுவித்ததேயன்றி இவ்வியல்பினை மாற்றவில்லை.

மாற்றம் நிகழ்ந்தது 1940களில். பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாராகிய இகோனே, முவாரு என்னும் இருவர் எழுத்தின் நிழலை ஒளியால் படச்சுருளிற் பதிக்கும் பொறியினை அமைத்தனர். ஈயம் நீங்கிற்று, எழுத்து ஒளியாயிற்று. ஆயின் பக்கம் தானாக அமையவில்லை. படத்தாளில் நீண்ட பத்திகளாக வெளிவந்த எழுத்துகளை ஒருவர் கத்தியால் நறுக்கி, பசையிட்டு, அட்டையில் ஒட்டிப் பக்கமாக்கினார். பாடத்தை ஆக்குவார் ஒருவரும் பக்கத்தை ஆக்குவார் வேறொருவருமாகப் பிரிந்தது இக்காலத்திலேயாம். ஒரு சொல்லைத் திருத்த வேண்டின் அவ்வரியை மீண்டும் படமெடுத்து வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. இவ்விடர்ப்பாட்டினின்றே பின்வரும் இரு நெறிகளும் கிளைத்தன.

3. பாடத்தைக் காத்த நெறி

முதல் நெறி அமெரிக்காவில் பெல் ஆய்வகத்திலும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலும் வளர்ந்தது. பெல் ஆய்வகத்தினர் ஜோசப் ஒசன்னா 1970களின் தொடக்கத்தில் டிராஃப் என்னும் மென்பொருளை இயற்றினார். இதில் எழுதுவோர் தம் பாடத்தையும், 'இது தலைப்பு', 'இது புதுப் பத்தி' என்பன போன்ற கட்டளைகளையும் ஒரே கோப்பில் எழுதுவர். பொறி அவற்றைப் படித்துப் பக்கத்தை ஆக்கித் தரும்.

இந்நெறியின் சிறந்த பயன் டொனால்டு கனூத் என்னும் கணித அறிஞரால் விளைந்தது. அவர்தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்பாக ஒளியச்சிற் கோக்கப்பட்டபோது, அம்மெய்ப்புகள் பழைய ஈய அச்சின் அழகினைச் சிறிதும் பெறவில்லை எனக் கண்டு அவர் வருந்தினார். 1977 இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை இயற்றத் தொடங்கினார். அதுவே டெக் எனப் பெயர் பெற்றது. சில திங்களில் முடியுமெனக் கருதிய பணி பல்லாண்டுகள் நீண்டது. வரியை முறிக்கும் வழி பற்றி அவரும் மைக்கேல் பிளாஸ் என்பாரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே நிரப்பாமல், பத்தி முழுவதையும் நோக்கி, எவ்வெவ்விடத்தில் முறித்தால் எல்லா வரிகளிலும் சொல்லிடைவெளி சீர்படும் எனக் கணக்கிடுவது அவ்வழி.

டெக் கோப்பினை எவ்வகைப் பொறியிலும் திறந்து எளிய எழுத்தாகவே படிக்கலாம். பக்கத்தின் அளவை மாற்றினாலும் பாடம் மாறாது. இதன் குறை யாதெனில், எழுதுவோர் தாம் ஆக்கும் பக்கத்தை எழுதும்போதே காணவியலாமையே. கட்டளைகளைக் கற்றல் வேண்டும். அச்சிட்டு நோக்கிப் பிழை திருத்தல் வேண்டும். ஆதலின் இது கணிதரிடையும் அறிவியலாரிடையும் வேரூன்றியதேயன்றி அச்சகத்தாரிடைப் பரவவில்லை.

4. பக்கத்தைக் காட்டிய நெறி

மற்றை நெறி கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் 1970 இல் அமைத்த ஆய்வு நிலையத்தில் தோன்றிற்று. 1973 இல் அங்கு உருவான ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியின் திரை அகலம் குறுகி உயரம் மிக்கதாய், ஒரு தாளின் வடிவினையே ஒத்திருந்தது. அதில் 1974 இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் பிராவோ என்னும் எழுத்துச் செயலியை இயற்றினர். திரையிற் காண்பதே தாளிற் பெறுவது என்னும் கொள்கைக்கு முதற் சான்று இஃது எனலாம். அந்நிலையத்தினரே ஆகிய கேரி ஸ்டார்க்வெதர் லேசர் கதிரால் தாளில் எழுத்தினை அச்சிடும் பொறியினை அமைத்தார்.

திரைக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே ஒரு பொதுமொழி வேண்டியதாயிற்று. அந்நிலையத்திற் பணிபுரிந்த ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்னும் இருவர் 1982 இல் அதனை நீங்கி அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, 1984 இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டனர். இம்மொழி எழுத்தின் வடிவினைப் புள்ளிகளாற் குறியாது வளைகோடுகளின் கணக்காற் குறிக்கும். ஆகவே ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இடும் சிறு பொறியிலும், 2,540 புள்ளிகள் இடும் லைனோடைப் நிறுவனத்தின் பெரும் பொறியிலும் ஒரே கோப்பு ஒரே பக்கத்தையே தரலாயிற்று. மேசையிற் கண்ட பக்கம் அச்சகத்திலும் அவ்வாறே அமையும் என்னும் உறுதி இதனால் பிறந்தது.

1985 ஆம் ஆண்டு இவையனைத்தும் ஒருங்கு கூடின. ஆப்பிள் நிறுவனம் முந்தைய ஆண்டில் மெக்கின்டாஷ் கணிப்பொறியை வெளியிட்டிருந்தது; அவ்வாண்டு சனவரியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் அறிந்த லேசர்ரைட்டர் அச்சுப்பொறியை 6,995 டாலர் விலையில் அறிமுகம் செய்தது. சூலைத் திங்களில் சியாட்டில் நகரத்து ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த பால் பிரெய்னர்டு, செய்தித்தாள்களுக்குக் கணிப்பொறி அமைப்புகளைச் செய்தளித்த ஏடெக்ஸ் நிறுவனத்தில் முன்னர்ப் பணிபுரிந்தவர். வெட்டி ஒட்டும் பணியின் இயல்பினை அறிந்தவர். 'மேசைப் பதிப்பு' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. பேஜ்மேக்கரின் திரை ஓர் ஒட்டுமேசையே ஆகும். நடுவே பக்கம், அதனைச் சூழ வெற்றிடம். நறுக்கிய பத்தியையும் படத்தையும் மேசையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்து ஒட்டுவது போன்று, அவ்வெற்றிடத்திற் பொருள்களை வைத்துப் பின்னர்ப் பக்கத்தில் இழுத்து அமைக்கலாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆல்டஸ் என்னும் பெயர் வெனிசு நகரத்துப் பழைய பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியசை நினைந்து இடப்பட்டது. அவர் புலவர்களைத் துணைக்கொண்டு கிரேக்கச் சுவடிகளை ஒப்புநோக்கி, அரிஸ்டாட்டிலின் நூல்களை 1495 முதல் 1498 வரையுள்ள ஆண்டுகளில் அச்சேற்றியவர். பாடத்தின்பால் பெருங்கவலை கொண்டவர். அவர் பெயர் தாங்கிய மென்பொருளோ ஒட்டுமேசையின் வழித்தோன்றல். பாடத்தைப் பற்றி அது கேட்டதெல்லாம், இவ்விடத்தில் எவ்வெழுத்துருவின் எத்தனையாவது வடிவத்தை வரைதல் வேண்டும் என்பதே.

5. போட்டியும் மாற்றமும்

1986 இல் வெளிவந்த வென்ச்சுரா பப்ளிஷர் இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்டது. அது பாடத்தை எழுத்துச் செயலியின் மூலக்கோப்பிலேயே இருக்கவிட்டு, தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு என்னும் அடையாளங்களை மட்டும் அதில் இட்டுப் பக்கத்தைத் தனியே அமைத்தது. நீண்ட நூல்களுக்கு ஏற்றதாயினும் பழகுதற்கு அரிது என்னும் பெயர் பெற்றது. 1987 இல் டென்வர் நகரத்துக் குவார்க் நிறுவனம் குவார்க் எக்ஸ்பிரசை வெளியிட்டது. எழுத்திடைவெளியை நுண்ணளவில் ஆளும் திறத்தால் 1990களில் இதழ்களும் பெரும் பதிப்பகங்களும் அதனையே நாடின.

1994 இல் அடோபி ஆல்டஸ் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது; 1999 இல் இன்டிசைன் என்னும் புதிய மென்பொருளை வெளியிட்டது. பத்தி முழுவதையும் நோக்கி வரி முறிக்கும் கருத்து இதில் இடம் பெற்றமை, பாடநெறியில் விளைந்த ஆராய்ச்சி பக்கநெறிக்குப் பயன்பட்டமைக்குச் சான்றாகும். பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. 1980களில் தோன்றிய 'டைப் 1' வகை எழுத்துருக்களை ஏற்பதையும் அடோபி தன் பக்க அமைப்பு மென்பொருள்களில் 2023 ஆம் ஆண்டுடன் நிறுத்திவிட்டது. ஈய அச்சிற் பதித்த நூலை நூறாண்டு கழித்தும் கையில் எடுத்துப் படிக்கலாம். முப்பதாண்டுக்கு முற்பட்ட பக்கக்கோப்பினைத் திறத்தற்கோ அக்காலத்து மென்பொருளும் எழுத்துருவும் வேண்டியுள்ளன.

6. தமிழுக்கு நேர்ந்தது

உரோமன் எழுத்தில் இவ்விரு நெறிகளின் வேறுபாடு பெரிதாக உறுத்தவில்லை. அம்மொழிகளில் எழுத்துக்கு இன்ன எண் என்பது பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. எழுத்துருவை மாற்றினும் எழுத்து மாறாது. ஆதலின் பக்கத்தைக் காத்த மென்பொருள் பாடத்தையும் உடன் காத்தது.

தமிழ்நிலை வேறு. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் பேஜ்மேக்கர் முதலியன அதனை அறிந்தில. அவை அறிந்தது 256 இடங்கள் கொண்ட எழுத்துருப் பட்டியல் ஒன்றே. 247 எழுத்துகளையும் அவ்வவற்றுக்கென ஓரிடம் தந்து வைத்தால் எண்ணுக்கும் நிறுத்தற்குறிக்கும் இடமின்றிப் போகும். ஆகவே எழுத்துரு ஆக்கியோர், கால், கொம்பு, இணைக்கொம்பு முதலிய உறுப்புகளைத் தனித்தனியாகவும், பிரிக்கவியலாத உகர ஊகார வடிவங்களை முழுமையாகவும், உரோமன் எழுத்துகளின் இடங்களில் பொருத்தினர். எவ்வுறுப்பு எவ்விடத்தில் என்பதை ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம் போல் வகுத்துக்கொண்டது. இவ்வாற்றான் தமிழ்நாட்டு அச்சகங்களில் பேஜ்மேக்கர் பெருவழக்காயிற்று. 1990களிலும் அதன் பின்னும் எண்ணிறந்த நூல்கள் இம்முறையால் வெளிவந்தன.

இதன் நன்மையை மறைத்தல் முறையன்று. ஈய எழுத்துகளை வாங்கிச் சேமிக்கப் பெரும்பொருள் இல்லாத சிறு பதிப்பாளர் நூல் வெளியிடும் ஆற்றல் பெற்றனர். ஆய்வேடுகளும் துறைவெளியீடுகளும் பெருகின. மெய்ப்பில் ஒரு சொல்லைத் திருத்துதற்கு ஒரு வரியையே மீண்டும் கோக்கும் தொல்லை ஒழிந்தது. இவையெல்லாம் தமிழ் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பேறேயாம்.

இனி, இடரைக் காண்போம். 'கொ' என்னும் உயிர்மெய்யை அவ்வெழுத்துருக்கள் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மூன்று குறிகளாகச் சேமித்தன. ஒருங்குறியோ ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் சேமிக்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்னும் நம் இலக்கணக் கொள்கைக்கு இயைவது இவ்வரிசையே. ஔகாரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. பல எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்னுறுப்பிற்கெனத் தனியிடம் இல்லை. ளகரத்தையே இட்டு நிரப்பினர். ஆதலின் 'தௌவை' என்னும் சொல்லும் 'தெளிவு' என்னும் சொல்லும் தொடக்கத்தில் ஒரே மூன்று குறிகளைக் கொண்டன. முன்னதில் ளகரம் குறியின் உறுப்பு என்பதும் பின்னதில் அஃது ஓர் எழுத்து என்பதும் படிப்பவர்க்குத் தெரியும்; பொறிக்குத் தெரியாது. 'ஔவை' பலவிடங்களில் ஒகரமும் ளகரமுமாகிய 'ஒளவை' ஆனமைக்கும் இதுவே காரணம்.

ரகரத்திற்கு நேர்ந்தது இதனினும் வியப்பைத் தருவது. 'ர்', 'ரி' முதலியவற்றில் ரகரத்தின் அடிக்கோடு நீங்கிக் கால்போலத் தோன்றும் அச்சு மரபினைப் பின்பற்றி, சிலர் ரகரத்திற்குப் பகரமாகக் காலையே இட்டுப் புள்ளி வைத்தனர். அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபோது 'அவர்கள்' என்னும் சொல், வகரத்தின்மேற் காலும் அதன்மேற் புள்ளியும் பெற்று 'அவா்கள்' என நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடும் பொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். சுவடிக் காலத்தே ரகரமும் காலும் ஒரு வடிவாய் நின்று பதிப்பாசிரியரை மயக்கின. அம்மயக்கத்தைப் புள்ளியாலும் அடிக்கோட்டாலும் நீக்கிய பின்னர், கணிப்பொறிக் காலத்தே அதே ரகரமும் காலும் மீண்டும் மயங்கின. முன்னை மயக்கம் கண்ணுக்குப் புலனாயிற்று. இப்போதைய மயக்கம் கண்ணுக்குப் புலனாகாது கோப்பினுள்ளே மறைந்திருத்தலின் அதனினும் தீது.

இதன் விளைவு ஆராய்ச்சியை நேரே தாக்குவது. சொல்லடைவு தொகுப்பார் ஒருவர் இத்தகைய கோப்புகளைப் பொறியிலிட்டு ஒரு சொல்லின் வருகையை எண்ணுவாராயின், மாறிநின்ற வடிவங்கள் எண்ணிக்கையில் அடங்கா. 'இச்சொல் இந்நூலில் பயிலவில்லை' என அவர் துணியும் முடிவு, பாடத்தின் இயல்பைக் காட்டாது எழுத்துருவின் இயல்பையே காட்டுவதாகும். ஒரு சொல் வழங்கிய காலத்தை அதன் வருகை கொண்டு கணிப்பார்க்கு இப்பிழை சிறிதன்று.

7. சீர்திருத்த முயற்சிகள்

இவ்விடரை உணர்ந்தோர் வாளா இருந்திலர். பல நாட்டுத் தமிழ் ஆர்வலர் கூடித் திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை 1990களின் பிற்பகுதியில் வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்னும் எழுத்துருக் குறியீட்டுத் தரங்களும் தோன்றின. 2010 இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. 2012 இல் வெளிவந்த இன்டிசைனின் பதிப்பு தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை ஒருங்குறி வழியே கோக்கும் திறம் பெற்றது. ஒருங்குறி தோன்றி இருபத்தோராண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பதை நோக்குக.

1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஈண்டு எடுத்துக்காட்டத்தக்கது. தன்னார்வலர் தட்டெழுதிச் சேர்த்த இலக்கியங்கள் தொடக்கத்தில் எழுத்துருக் குறியீட்டிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளிவந்தன. குறியீடு யாவரும் அறிந்த ஒன்றாக இருந்தமையாலும், நோக்கம் பாடத்தைக் காத்தலாக இருந்தமையாலும், காலந்தோறும் அவற்றை மாற்றி எழுதுதல் இயன்றது. தனி நிறுவனத்தின் எழுத்துருவிற் கோத்து அச்சுக்கு அனுப்பிய கோப்புகளுக்கு அவ்வாய்ப்பு அரிது. அழகிய பக்கமாக அச்சேறிய நூல், மறுபதிப்புக் காலத்தே அச்சுப்படியைப் பார்த்து மீண்டும் தட்டெழுத வேண்டிய நிலையை எய்துகின்றது. மீண்டும் தட்டெழுதுதல் என்பது மீண்டும் ஏடெழுதுதலே. ஏடெழுதுவோர் பிழைகள் யாவும் அதனுடன் வரும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், மேசைப் பதிப்பு பக்கத்தைக் காணவும் அமைக்கவும் எழுந்த கலை என்பதும், உரோமன் எழுத்தில் அது பாடத்தையும் உடன் காத்தது என்பதும், தமிழில் எழுத்துக்குப் பொதுவான எண் வழக்கிற்கு வருமுன்னரே அக்கலை வந்தமையின் பக்கம் நிலைபெற்றுப் பாடம் எழுத்துருவுக்கு அடிமைப்பட்டது என்பதும் பெறப்படும்.

இதனின்று துறைகளும் ஆய்வாளரும் கொள்ளத்தக்க கடமைகள் சில உள. பதிப்பிக்கும் நூலின் பாடத்தை, பக்கக்கோப்பின் வேறாக, ஒருங்குறியில் அமைந்த எளிய எழுத்துக் கோப்பாகவும் காத்தல் வேண்டும். பழைய கோப்புகளை மாற்றுங்கால் எவ்வெழுத்துருவினின்று மாற்றப்பட்டது என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். மாற்றிய பாடத்தில் ஔகாரமும் ரகரமும் வருமிடங்களைத் தனியே தேடி, அச்சுப்படியுடன் ஒப்புநோக்குதல் வேண்டும். மின்பாடங்களைக் கொண்டு சொற்கணக்கு எடுப்போர், தாம் எண்ணிய பாடம் எவ்வழியாக வந்தது என்பதைத் தம் ஆய்வேட்டிற் கூறுதல் வேண்டும். சுவடியின் வரலாற்றைக் கூறாத பதிப்பினை நாம் முழுமையாக ஏற்பதில்லை. கோப்பின் வரலாற்றைக் கூறாத சொற்கணக்கையும் அவ்வாறே ஏலாதிருத்தல் ஆராய்ச்சி முறைக்கு ஒத்ததாம்.

அக்கோப்புகளைத் தம் கையால் கோத்தவர்களும் அவற்றைத் திறக்கவல்ல பொறிகளும் இன்னும் சில அச்சகங்களில் உள்ளமையின், இப்பணி இப்போது இயல்வதே. அவ்விரண்டும் மறைந்த பின்னர் எஞ்சுவது தாளில் அச்சான பக்கம் மட்டுமே ஆகும்.